சாயம் ஏறிய மூளைகளும் கணக்கில் வராத கிழவிகளும்

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில் நூலுக்கும் சேலைக்கும் சாயம் ஏற்றியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: எல்லாச் சாயமும் எல்லா இழையிலும் பிடிக்காது. பட்டில் நிற்பது பருத்தியில் நிற்காது. சிலவற்றுக்குக் கடுக்காயோ படிகாரமோ சேர்த்தால்தான் ஒட்டும். 1884இல் ஜெர்மனியில் பால் பாட்டிகர் என்பவர் உருவாக்கிய சிவப்புச் சாயம் இந்தத் துணை எதுவும் இல்லாமலேயே பருத்தியைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவைக் கூறுபோட ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடிய காலம் அது. பேச்சில் அடிபட்ட பெயரையே வைத்து ‘காங்கோ சிவப்பு’ என்று விற்றார்கள். 1922இல் ஹான்ஸ் பென்ஹோல்ட் என்ற மருத்துவர் அந்தச் சாயம் உடலுக்குள் படியும் அமிலாய்டு என்ற புரதத்திலும் பிடிப்பதைக் கண்டார். 1927இல் பெல்ஜியத்தின் பால் டிவ்ரி, இறந்தவர்களின் மூளைச் சீவல்களில் அதைப் பார்த்தார். பஞ்சின் நீண்ட இழையில் ஒட்டுவதைப் போலவே புரதத்தின் நீண்ட இழையிலும் சாயம் ஒட்டியது.

இன்று உயிரோடு இருப்பவரின் மூளையில் அல்சைமர் நோயின் படிவுகளைப் படம்பிடிக்க உதவும் மருந்துகளின் பூர்வீகம் இந்தத் துணிச் சாயங்கள்தான். ஆங்கில மருத்துவத்தில் ‘டிரேசர்’ என்பார்கள். தடங்காட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். காங்கோ சிவப்பை ஊசியில் ஏற்றினால் அது மூளைக்குள் போகாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாதிஸ் இருவரும் தயோஃபிளேவின்-டி என்ற இன்னொரு சாயத்தின் மின்னேற்றத்தை நீக்கி, அது மூளைக்குள் நுழையும்படி மாற்றினார்கள். அதில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்தார்கள். 2002 பிப்ரவரியில் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அந்த ஊசி போடப்பட்டது. (அங்கே அந்தப் பணியைச் செய்த ஹென்றி எங்லர், உருகுவே நாட்டுச் சர்வாதிகார ஆட்சியில் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். தனிக்கதை அது.) 16 நோயாளிகளையும் நோயில்லாத 9 பேரையும் ஒப்பிட்ட அறிக்கை 2004இல் வந்தது. பிறகு ஃபுளோரின் ஏற்றிய தடங்காட்டிகள் வந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் ஃபுளோர்பெடாபிரையும், 2013இல் ஃபுளூடெமெட்டமாலையும், 2014இல் ஃபுளோர்பெடாபெனையும் அனுமதித்தது. டௌ என்ற மற்றொரு புரதத்தைக் காட்டும் ஃபுளோர்டாசிபிர் 2020இல் அனுமதி பெற்றது.

இந்தத் தடங்காட்டிகளைச் சோதித்த அறிக்கைகளை, ஒரு நாவலை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் என் முயற்சி. யாருடைய குரல் கேட்கிறது, யார் வந்து போகிறார்கள், யார் வாசல்படியிலேயே நிற்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பழக்கமான வேலைதானே. இதை அறிவியலுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஸ்கேனை நாம் வேண்டும் என்று கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ஒரு தடங்காட்டி உண்மைதான் சொல்கிறதா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஸ்கேனில் படிவு தெரிகிறது என்றால் அந்த இடத்தில் படிவு இருக்கத்தான் செய்கிறது என்று யார் சாட்சி சொல்வது? மூளையைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே சாகும் தறுவாயில் இருப்பவர்களிடம் சம்மதம் வாங்கி, ஸ்கேன் எடுத்து, அவர்கள் இறந்தபின் மூளையைச் சீவிப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். படத்தைப் படிக்கும் மருத்துவர்களுக்கு அது யாருடைய மூளை, என்ன நோய் என்று சொல்லமாட்டார்கள். 2011இல் வெளிவந்த ஃபுளோர்பெடாபிர் அறிக்கையில் இப்படி இறந்து ஒப்பிடப்பட்டவர்கள் 35 பேர். முதன்மைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 29 பேர். அடுத்த ஆண்டு அது 59 ஆனது. படிவே இருக்க வாய்ப்பில்லாத இளையவர்கள் 74 பேரை எதிர்ப்பக்கத்துக்கு வைத்தார்கள். ஒருவரிடமும் படிவு தெரியவில்லை. நேர்மையான, கச்சிதமான சோதனை. இதில் மோசடி எதுவும் இல்லை.

ஆனால் அந்த 59 பேரில் ஒருவராக இருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மரணம் நெருங்கிவிட்டது என்று சொல்லும் ஒரு மருத்துவர் வேண்டும். படுக்கையிலிருந்து ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப்போகும் ஏற்பாடு வேண்டும். மூளையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போடும் குடும்பம் வேண்டும். நம் ஊர்ப்பக்கத்தில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்றாலே தூக்குமாட்டிச் செத்தவர், விபத்தில் போனவர், போலீஸ் கேஸ். கட்டிலில் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்த அப்பத்தாவை அறுப்பதா என்று யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஒத்துக்கொள்வதாக இருந்தாலும் அந்த முடிவைச் சொல்லப்போவது மகன்தான். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது என்பதே நம்மில் பெரும்பாலோருக்குச் செய்தியாக இருக்கும்.

ஆக, தடங்காட்டியின் ‘உண்மை’ குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் சாவு ஏற்பாடுகளுக்குள் உருவானது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளிலும் இதுவே தொடர்ந்தது. நினைவு நன்றாக இருக்கும் முதியவர்களைத் தடங்காட்டியால் சலித்தெடுத்த ‘ஏ-4’ ஆய்வில் 4,486 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த ஸ்கேன்களை இனவாரியாக ஒப்பிட முயன்ற ஒரு பகுப்பாய்வில் வெள்ளையர் 3,689 பேர், கறுப்பினத்தவர் 144 பேர். கறுப்பினத்தவர் மூளையில் படிவு குறைவாகத் தெரிந்தது என்பது அதன் முடிவு. 144 பேரை வைத்துக்கொண்டு அது உடலின் வேறுபாடா, வந்து சேர்ந்தவர்களின் வேறுபாடா என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால் திண்டுக்கல் எங்கே, நிலக்கோட்டை எங்கே.

அறிக்கைகளில் ஒரே வரியில் வந்து மறைகிற ஒரு பாத்திரம் உண்டு. ‘ஸ்டடி பார்ட்னர்’, ஆய்வுத் துணை. ஏ-4 போன்ற ஆய்வுகளில் இப்படி ஒருவர் இல்லாமல் சேரவே முடியாது. நோயாளியை அழைத்துவர வேண்டும், உடன் காத்திருக்க வேண்டும், அவர் அன்றாடம் எப்படி இருக்கிறார் என்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஃபுளோர்பெடாபிர் ஊசி போட்டுவிட்டு அரைமணி முதல் ஐம்பது நிமிடம் வரை காத்திருந்து, பிறகு பத்து நிமிடம் படமெடுக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? அமெரிக்காவில் மறதி நோயாளிகளைப் பராமரிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். மனைவி, மகள், மருமகள். ஊசியின் அளவைப் பெக்கரலில் எழுதுகிறார்கள், கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் எழுதுகிறார்கள். அந்தப் பெண் இழந்த நாள்கூலியை எழுத அட்டவணையில் ஒரு கட்டம் கிடையாது. அவள் சொன்ன பதில் மட்டும் ‘தரவு’ ஆகிவிடுகிறது.

அவளிடம் கேட்கும் கேள்விகளையும் பார்க்கலாம். மறதி நோயின் கட்டத்தைத் தீர்மானிக்க உலகமெங்கும் புழங்கும் அளவுகோல் ஒன்றில் ஆறு பிரிவுகள்: நினைவு, இடம்-காலம் அறிதல், முடிவெடுத்தல், வெளியுலக நடவடிக்கை, சுயபராமரிப்பு, இவற்றோடு ‘வீடும் பொழுதுபோக்கும்’. வீட்டையும் பொழுதுபோக்கையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள்! நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பதும், உலை வைப்பதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், சீட்டாடுவதும் ஒரே வகை. யாருடைய வீட்டு அனுபவத்திலிருந்து இந்த வகைப்பாடு வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. 1982இல் வந்த இன்னொரு கேள்விப் பட்டியல், காசோலை எழுதுவதிலும் வரிக் கணக்கைத் தொகுப்பதிலும் இருந்து தொடங்குகிறது. வாழ்நாளில் ஒரு காசோலையைத் தொட்டிராத பெண் இந்தப் பட்டியலில் எங்கே தேறுவாள், எங்கே தோற்பாள்?

நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கும் பெண், இன்று மாலை மலரப்போகிற மொட்டு எது, நாளைக்கு விட்டுவைக்க வேண்டியது எது என்று விரல் நுனியில் முடிவெடுக்கிறாள். அரை இருட்டில், வேகமாக, நூற்றுக்கணக்கான முறை. அது தடுமாறும்போது முதலில் கவனிப்பவள் பக்கத்து வரிசையில் பறிப்பவள். “என்னத்தா, காயாப் பறிச்சுப் போடுற?” என்று கேட்பாள். அதுதான் இந்தச் சமவெளியின் நோய்கண்டறிதல். எந்த அளவுகோலிலும் அது இல்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், குழுக் கணக்கை எழுதாமல் மனத்தில் வைத்திருப்பவர்கள், வட்டியை வாயாலேயே சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இந்தக் குறையை இந்திய ஆய்வாளர்கள் கவனிக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் படிப்பறிவில்லாதவர்களுக்கென்றே இந்தியில் ஒரு நினைவுச் சோதனையைத் தயாரித்தார்கள். நம் மாநிலத்தில் திருப்போரூர் கிராமங்களில் மறதி நோயைக் கணக்கெடுத்தார்கள். அந்த அறிக்கை 1997இல் வந்தது. 1998இல் கொச்சியில் ‘10/66’ என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழு தொடங்கியது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. அந்தக் கணக்கையே பெயராக வைத்தார்கள். சென்னையும் வேலூரும் அதன் களங்களாக இருந்தன. பள்ளிக்கூடம் போகாததை நோயாகக் குறித்துவிடக்கூடாது என்பது அவர்கள் சிரத்தை எடுத்துத் தீர்க்கப் பார்த்த சிக்கல்.

அதன் தொடர்ச்சியாக நாடு முழுவதற்குமான கணக்கு 2023இல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களில் 5.8, பெண்களில் 9 சதவீதம். நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. ஆக, கிராமத்துப் பெண்ணின் தலையில்தான் இந்த எண்கள் வந்து விழுகின்றன. பெண்கள் அதிகநாள் வாழ்வதால் என்று சட்டென்று பதில் சொல்வார்கள். வயது மட்டும் இதை விளக்கிவிடாது. பள்ளிக்கு அனுப்பாததும் ஒரு காரணம் என்று அந்த ஆய்வின் தரவுகளே காட்டுகின்றன. ஆனால் படிக்காதது மூளையை உண்மையிலேயே பலவீனப்படுத்தியதா, அல்லது சோதனையில் மட்டும் அவளைத் தோற்கடித்ததா? இந்த இரண்டையும் பேச்சுச் சோதனையால் முழுமையாகப் பிரித்துவிட முடியாது.

நான் முன்பு சொன்ன காரணம் இதுதான். தடங்காட்டி ஒரு பெண்ணிடம் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. பெயரெழுதச் சொல்வதில்லை. (இந்த நோய்க்கு முதல் சாட்சியான ஆகஸ்ட் டெட்டரிடம் 1901இல் அலாய்ஸ் அல்சைமர் பெயரை எழுதச் சொல்லிச் சோதித்தார், அவரால் முடியவில்லை. நோய்க்கு மருத்துவரின் பெயர் நின்றது. அந்தப் பெண்ணின் கோப்பு 1995இல்தான் மறுபடி கிடைத்தது.) நூறு நாள் வேலை அட்டையில் கைநாட்டு வைப்பவளின் மூளையும் பேராசிரியையின் மூளையும் ஸ்கேனுக்குமுன் சமம். சோதனைத்தாளின் சாதியை மீறிப்போகக்கூடிய கருவி இது. ஆகவேதான் அது இங்கே சோதிக்கப்படவில்லை என்பது எரிச்சலைத் தருகிறது.

தூரமும் ஒரு காரணம்தான். கதிரியக்கக் கார்பன் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரித்த வளாகத்தை விட்டு வெளியே போகாது. ஃபுளோரின்-18 பாதியாவதற்கு 110 நிமிடம். சென்னையில் தயாரித்துச் சாலைவழி ஏழு மணி நேரம் கொண்டுவந்தால், திண்டுக்கல்லில் இறக்கும்போது பதினான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆனால் இயற்பியலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 65 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் புற்றுநோய்க்காக பெட் ஸ்கேன் கருவிகள் இயங்குகின்றன. அங்கே ஊசியில் ஏறும் சர்க்கரைத் தடங்காட்டியிலும் இருப்பது அதே ஃபுளோரின்-18தான். புற்றுநோய்க்கு வந்துசேர்கிற வண்டி மறதிக்கு வந்துசேராததற்குக் காரணம் அரைஆயுள் அல்ல. கிழவியின் மறதியை நோயாகவே யாரும் எண்ணாததுதான். “வயசானா அப்பிடித்தான்.”

இந்த மாவட்டத்துப் பெண்களை அறிவியல் ஒருபோதும் சோதித்ததில்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஆத்தூர் ஒன்றியம் (சேலத்து ஆத்தூர் அல்ல, நம் ஆத்தூர்) இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் பெயர்பெற்ற இடம். மருத்துவர் சௌந்திரம் அம்மையார் 1947இல் கட்டியெழுப்பிய காந்திகிராமத்திலிருந்து, 1959இல் இங்கே முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964இல் அதற்கென்று ஊரகச் சுகாதார நிறுவனமும் உருவானது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் வந்தது. வீடு வீடாகப் போய் எத்தனை பிள்ளை, எத்தனை இடைவெளி, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று எழுதினார்கள். ஆண் கருத்தடையும் அன்று கணிசமாக இருந்தது; போகப்போக அது பெண்ணின் பொறுப்பு மட்டும் என்று ஆகிவிட்டது. அம்மையாரின் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. பிரசவத்தில் செத்துப்போகாமல் பிழைத்த பெண்கள் அந்த மருத்துவமனையை இன்னும் நன்றியோடு நினைப்பார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1964இல் இருபது வயதில் கையில் பிள்ளையோடு அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெண்ணுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. அல்சைமர் வருகிற வயது அது. கருப்பை வேலை செய்த காலம் முழுக்க எண்ணப்பட்டவள், அது ஓய்ந்தபின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவளுடைய பிள்ளைப்பேற்று வரலாறு ஏதோ ஒரு பழைய கோப்பில் இருக்கலாம். அதையும் அவள் மூளையையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சேர்த்துப் பார்க்க வேண்டியதற்கு மருத்துவக் காரணமே இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் முன் சினைப்பையை அகற்றிய பெண்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். 2023இல் விஸ்கான்சினில், நினைவு நன்றாக இருந்த 292 பேரைத் தடங்காட்டியால் பார்த்தார்கள்: அமிலாய்டு படிவு உள்ள பெண்களில், மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்களிடம் டௌ அதிகமாக இருந்தது. இப்போது நம் கிராமங்களை நினைத்துக்கொள்ளுங்கள். “கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க” என்று நாற்பது வயதுக்குள் சொல்லும் பெண்கள் எத்தனை பேர்! கருப்பையோடு சினைப்பையும் போனதா என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் 292 பேரை வைத்துக் கேட்ட கேள்விக்கு, ஆத்தூர் ஒன்றியத்தில் நாலு தெருவிலேயே பதில் தேடத் தொடங்கலாம்.

தடங்காட்டிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. தேவையில்லாத இடத்தில் சாயம் பிடிப்பதைத் துணிக்காரர்கள் கறை என்பார்கள். ஆய்வாளர்கள் இலக்கு தவறிய பிணைப்பு என்கிறார்கள். டௌ தடங்காட்டிகளில் சில மண்டையோட்டு எலும்பில் ஒட்டுகின்றன, அதுவும் பெண்களிடம் அதிகமாக. எலும்பின் ஒளி மூளையின் ஓரத்தில் கசிந்தால் அளவு பிசகும். ஃபுளோர்டாசிபிர், நிறமியான மெலனினிலும் ஒட்டும் இயல்புடையது என்று சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வெளிறிய தோலுடையவர்களிடம் சரிபார்க்கப்பட்ட பொருள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், அமிலாய்டு அதிகமுள்ள பெண்களிடம் அதே அளவு அமிலாய்டு உள்ள ஆண்களைவிட டௌ கூடுதலாகத் தெரிகிறது என்று 2019இல் ஓர் அறிக்கை வந்தது. கறை எவ்வளவு, நோய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

அமிலாய்டு படிவு உறுதியானவர்களை மட்டும் சேர்த்துச் சோதித்த லெக்கனிமாப் மருந்தின் கதையும் இதே. 1,795 பேர். நோய் முன்னேறும் வேகம் மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்தது என்று 2023இல் முழு அனுமதி தந்தார்கள். பிற்சேர்க்கையைப் புரட்டினால் ஆண்களுக்கு 43, பெண்களுக்கு 12. பால்வாரியாக ஒப்பிடுவதற்காக வடிவமைத்த ஆய்வு அல்ல, அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சரியானதே. அப்படியானால் நோயாளிகளில் அதிகம் பெண்களாக இருக்கும் ஒரு நோய்க்கு, பெண்ணுக்கு வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடிய வடிவில் ஆய்வை ஏன் அமைக்கவில்லை? இந்தக் கேள்விக்குத்தான் பிற்சேர்க்கையில் இடம் இல்லை.

படிவு தெரிந்தால் என்ன அர்த்தம் என்பதிலும் சண்டை முடியவில்லை. நினைவில் குறையே இல்லாதவர்களில் ஐம்பது வயதில் பத்தில் ஒருவருக்கும், தொண்ணூறு வயதில் 44 சதவீதம் பேருக்கும் அமிலாய்டு இருக்கிறது. 2024இல் அமெரிக்க அல்சைமர் சங்கம் சார்பில் எழுதியவர்கள், படிவு இருந்தாலே அது அல்சைமர் என்று வரையறுத்தார்கள். அதே ஆண்டு வேறொரு பன்னாட்டுக் குழு, அறிகுறி இல்லாதவரை நோயாளி என்று சொல்லாதீர்கள் என்று மறுத்தது. நான் இரண்டாவது குழுவின் பக்கம். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 மறதி நோயாளிகளைப் பார்த்து, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் 4.5 ஆண்டு தள்ளி வந்தது என்று 2013இல் எழுதியது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் இதே வேறுபாடு. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ உருதுவோ, கடைத்தெருவில் தமிழ் என்று வாழும் திண்டுக்கல் பெண்ணின் மூளை, அதே அளவு படிவை வேறுமாதிரி தாங்கிக்கொள்ளலாம் அல்லவா? அதைத் தடங்காட்டி மட்டும் சொல்லாது; அவளோடு பேசவும் வேண்டும்.

பேசாமல் படத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு விதவைத் தாயின் பெயரில் இருப்பது அரை ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சமைத்து, நன்றாகச் சண்டைபோட்டு வாழ்கிற அவளுடைய மூளையில் படிவு இருக்கிறது என்று ஒரு காகிதம் வருகிறது. அதை முதலில் கையில் வாங்குபவர் யார்? பத்திரப் பதிவு அலுவலகத்தில் “அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, டாக்டரே எழுதிட்டார்” என்று சொல்ல அந்தக் காகிதம் போதும். “நிலத்தைத் தரமாட்டேன்” என்று அவள் சொன்னதே நோயின் அறிகுறியாகிவிடும். ஆய்வு நெறிக்குழுக்கள் முடிவை எப்படித் தெரிவிப்பது என்று நிறைய விவாதிக்கின்றன. அந்த விவாதத்தில் பங்கேற்பவர் தனியாக வாழ்கிற, தனியாகக் கையெழுத்திடுகிற ஒருவராகவே கற்பனை செய்யப்படுகிறார். அரை ஏக்கரும் மூன்று மகன்களும் உள்ள பெண் அங்கே இல்லை.

இதெல்லாம் தூரத்துக் கவலை என்று ஒதுக்க முடியாதபடி 2025இல் ஒரு விஷயம் நடந்தது. இரத்தத்தில் உள்ள டௌ புரதத்தின் ஒரு வகையையும் அமிலாய்டையும் அளந்து, மூளையில் படிவு இருக்கிறதா என்று சொல்லும் சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரத்தம் ஃபுளோரின் இல்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வேடசந்தூரிலிருந்து எந்த ஊருக்கும் போகும். இந்தச் சமவெளிக்கு முதலில் வரப்போவது ஸ்கேன் அல்ல, இதுதான். ஆனால் இரத்தத்தில் எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்று தீர்மானிக்க உரைகல்லாக வைத்தது தடங்காட்டிப் படங்களையே. யாருடைய மூளைகளில் தடங்காட்டியைச் சரிபார்த்தார்களோ அவர்களுடைய எல்லைக்கோடு ஊசிமுனை வழியாக நம் ஊருக்கு வந்துசேரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் புரதம் இரத்தத்தில் கூடுதலாகக் காட்டும் என்பது தெரிந்த விஷயம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், கிரியேட்டினின் பார்க்காமல் இந்தச் சோதனையை விற்கத் தொடங்கினால் எத்தனை பெண்கள் தப்பாக ‘அல்சைமர்’ ஆவார்கள்?

இங்கே ஆய்வு நடத்த அடிப்படை எதுவும் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காந்திகிராமத்தில் பல்கலைக்கழகமும், வீடு வீடாகப் போய்ப் பழகிய நிறுவனமும் இருக்கின்றன. கர்நாடகத்தின் சீனிவாசபுரம் கிராமங்களில் 45 வயதைத் தாண்டியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து மூளை ஆய்வு மையம் நடத்திக்கொண்டிருக்கிறது; கிராமத்தில் முடியாது என்பதற்கு அதுவே பதில். ஆத்தூர் ஒன்றியத்தில் எண்பதைத் தொட்ட பெண்களில் விருப்பமுள்ளவர்களை மதுரைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுப்பதை ஓர் ஆய்வேடாக யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும். இதை வாசிக்கும் மாணவிகளில் செவிலியம், புள்ளியியல், சமூகப்பணி படிப்பவர்கள் இருப்பீர்கள். அந்த விண்ணப்பத்தில் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: கருப்பை, சினைப்பை அகற்றல், மாதவிடாய் நின்ற வயது ஆகியவை பற்றிய கேள்விகள், வீட்டு வேலையைப் பொழுதுபோக்கிலிருந்து பிரித்த அளவுகோல், உடன்வரும் மருமகளுக்கோ மகளுக்கோ அன்றைய கூலி, சாப்பாடு, பேருந்துச் செலவு. பங்கேற்பவரின் சம்மதத்தை வாசித்துக்காட்டி, மகன்கள் வெளியே நிற்கும்போது, அவளிடமே கேட்டு வாங்க வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டியவர் யார், சொல்லக்கூடாதவர் யார் என்பதையும் அவளே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதைக் கைநாட்டோடு கோப்பில் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.